பள்ளிக் குழுவில் ஓர் இருக்கை: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் அறிய வேண்டியவை

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? பொழைக்க வந்த இடத்துல நாம பாட்டுக்கு இருந்துட்டுப் போவோம்." பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களோடு பேசும்போது இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். தண்ணீர் வராவிட்டாலும் இதே பேச்சு, பிள்ளையின் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் இதே பேச்சு. ஆனால் வந்தவர், இருந்தவர் என்று பாராமல் பெற்றோர் அனைவருக்கும் சட்டமே ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. அதுதான் பள்ளி வளர்ச்சி மற்றும் மேற்பார்வைக் குழு. கன்னடத்தில் 'ஷாலாபிவிருத்தி மத்து மேலுஸ்துவாரி சமிதி' என்பார்கள், வழக்கில் எஸ்.டி.எம்.சி. அக்குழு எப்படி அமைகிறது, அதில் நாம் எப்படி இடம்பெறலாம், இடம்பெற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழு பிறந்த கதை

எஸ்.எம். கிருஷ்ணா கர்நாடக முதலமைச்சராக இருந்தபோது, அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா தலைமையில் கல்விப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 2001 ஏப்ரலில் வந்த அரசாணையே இக்குழுக்களுக்கு அடிப்படை. அதற்கு முன் கிராமக் கல்விக் குழுக்கள் இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்த இடத்தில் பெற்றோரை அமர்த்தியதுதான் புதிய ஆணையின் சிறப்பு. பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்குத்தானே அதன் குறை நிறை தெரியும்?

நாடு முழுவதற்குமான குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவரவர் விகிதப்படி இடம் உண்டு. இச்சட்டம் வந்த பிறகும் கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்த இருக்கையின் தனிச் சிறப்பு

நம்மவர் பலருக்கு வாக்காளர் அட்டை இன்னும் தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோதான் இருக்கிறது. அவர்கள் இங்கே மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. வாக்கு உள்ளவர்களுக்கும் கூடப் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின், தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடின. பள்ளிக் குழுவோ சொத்து கேட்பதில்லை, தாய்மொழியும் கேட்பதில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், அதுவே தகுதி. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அந்தத் தகுதியும் போய்விடும்.

தேர்தல் என்றவுடன் போஸ்டர், ஒலிபெருக்கி என்று மிரள வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லி, பெரும்பாலும் பேசி ஒத்துக்கொண்டோ கை தூக்கியோ தேர்ந்தெடுப்பார்கள். தேர்வான பெற்றோரில் ஒருவர் தலைவர் ஆவார். தலைமை ஆசிரியர் உறுப்பினர்-செயலாளர். ஆகவே நிற்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, கூட்டம் நடக்கும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைப்பது. அடுத்தது, பள்ளி வாசலில் தினமும் பார்க்கும் நாலு பெற்றோரிடம், "நான் நிக்கலாம்னு இருக்கேன், வாங்க" என்று சொல்லி வைப்பது. அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டாவது நேரில் போக வேண்டும். வராதவர் பெயரை யாரும் முன்மொழிய மாட்டார்கள்.

இதற்கு எல்லை உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆவது பிரிவு பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் தனியார் பள்ளியின் நிர்வாகக் குழுவில் 2 பெற்றோருக்கு இடம் தருகின்றன. "அந்த ரெண்டு பேர் யாருங்க?" என்று கேட்கும் உரிமை கட்டணம் கட்டும் நமக்கு உண்டு.

கையெழுத்தும் பொறுப்பும்

நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டு வேலைக்குப் போகும் தமிழ்த்தாய் ஒருவர் அங்கே குழு உறுப்பினர். "கூட்டத்துல என்னம்மா பேசினாங்க?" என்றேன். "தெரியலீங்க. நோட்டுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார். அந்த நோட்டில் கழிப்பறைக் குழாய் பழுதுபார்க்கப்பட்டதாக எழுதியிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது அவர் மகளுக்கே தெரியும். அடுத்த கூட்டத்தில் அவர், "எனக்குக் கன்னடம் படிக்க வராது. வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த மாதத்திலேயே குழாய் சரியாயிற்று. அதுவரை எதைக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கேட்க வேண்டியவை பல உள்ளன. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளிக்கு வரும் மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது ஆகிய மூன்றும் சட்டம் குழுவுக்குத் தந்த வேலைகள். மதிய உணவு, பிள்ளைகளின் வருகை, படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கண்டறிவது ஆகியவையும் இதில் அடங்கும். கர்நாடகத்தில் பள்ளியின் வங்கிக் கணக்கு குழுத் தலைவர், தலைமை ஆசிரியர் இருவர் பெயரிலும் கூட்டாக இயங்குகிறது. எனவே தலைவரின் கையெழுத்து வெறும் சடங்கு அன்று, அது காசோலையில் விழும் கையெழுத்து.

இரண்டு கணக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது பணக்கணக்கு. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 101 முதல் 250 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 50,000, 251 முதல் 1,000 வரை ரூ. 75,000. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. "இந்த வருஷம் எவ்வளவு வந்தது? எதுக்கு செலவாச்சு?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாவது ஆசிரியர் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 95 பிள்ளைகள் இருந்து 3 ஆசிரியரே இருந்தால் ஒருவர் குறைகிறார். இதை வளர்ச்சித் திட்டத்தில் எழுதி, குழுவின் தீர்மானமாகக் க்ஷேத்ர சிக்ஷணாதிகாரிக்கு, அதாவது வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். தனி ஒருவர் வாயால் சொல்வது புகார். குழு எழுதி அனுப்பினால் அது ஆவணம், பதில் சொல்லியாக வேண்டும்.

கன்னடமும் தமிழும்

குழுவின் நடவடிக்கைக் குறிப்பு கன்னடத்தில் இருக்கும். அதை 'நடாவளி' என்பார்கள். மானியம் 'அனுதான', மதிய உணவு 'பிசியூட்ட'. இத்தகைய இருபது முப்பது சொற்களைக் கற்றுக்கொண்டால் கூட்டத்தில் பாதி புரிந்துவிடும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம்மவர் பேசும் கன்னடம் சந்தைக்குப் போதும், நடாவளிக்குப் போதாது. படிக்கவும் பழக வேண்டும். வீட்டிலேயே ஆசிரியர் இருக்கிறார்: 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி பள்ளியில் கன்னடம் படிக்கும் நம் பிள்ளைதான் அவர்.

அதே வேளையில் தமிழையும் கேட்கலாம். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழி கற்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அது 1956இல் சேர்க்கப்பட்டது. பெங்களூரில் தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்து வருவதைக் கண்டு மேடையில் வருந்துகிறோம். ஆனால் பட்டியலில் எத்தனை பிள்ளைகளின் பெயர் இருக்கிறது என்பதே அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி. அந்தப் பட்டியலைத் தயாரிக்க வல்லவர் குழுவில் இருக்கும் பெற்றோரே.

ஒன்றை மறக்கலாகாது. உறுப்பினர் தமிழருக்கு மட்டும் உறுப்பினர் அல்லர். அதே வகுப்பில் ராய்ச்சூரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் பிள்ளையும், உருதும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துக் குழாயைக் கேட்பவரின் பேச்சே, தமிழ் வகுப்பைக் கேட்கும்போதும் மதிக்கப்படும்.

பிற இடங்களின் அனுபவம்

1870இல் இலண்டன் பள்ளிச் சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. பிரிட்டனில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1918இல்தான். ஆனால் 1870லேயே எலிசபெத் கேரெட் என்ற மருத்துவரும் எமிலி டேவிஸும் அச்சபைக்குத் தேர்வானார்கள். கனடாவில் ஈழத்தமிழரான நீதன் சண் 2006இல் யார்க் வட்டாரக் கல்விச் சபைக்குத் தேர்வானார். 2010இல் அதே சபைக்கு வந்த ஜுவானிட்டா நாதன், 2022இல் மார்க்கம் நகர மன்றத்துக்கும் 2025இல் கனடிய நாடாளுமன்றத்துக்கும் சென்றார். மற்றக் கதவுகள் மூடியிருந்தவர்களுக்குப் பள்ளியின் கதவே முதலில் திறந்தது என்பதை இவை காட்டுகின்றன.

நம் தாயகத்திலும் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. அப்போது 20 உறுப்பினரில் 15 பேர் பெற்றோராக இருந்தனர். தலைவராகத் தாய் ஒருவர். ஊரில் அக்காவும் தங்கையும் அமரும் நாற்காலியில் இங்கே நாம் அமரத் தயங்குவானேன்?

நிறைவாக

பள்ளிக் குழு பெரிய பதவி அன்று. சம்பளம் இல்லை, மாலை மரியாதை இல்லை; மாதம் ஒரு மாலைப்பொழுது போகும். அங்கே நாம் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளைப் பற்றிய முடிவை வேறு யாரோ எழுதி, நம்மிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்று நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காராதீர்கள். நோட்டு வந்தால், வாசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.