கொதிநீரில் பிறந்த நொதி

2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனையை முதலில் தொடங்கிய ஒருசில ஆய்வகங்களில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. டவுண் ரத வீதிகள் முதல் பாபநாசம் வரை, ‘பாசிட்டிவா, நெகட்டிவா’ என்று தவித்தவர்களுக்கு விடை சொன்னது ஆர்டி-பிசிஆர் சோதனை. அதற்கு அடிப்படை, எங்கோ ஒரு வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி.

ஊற்று இருப்பது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில். 1966-ல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கே அந்தப் பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். கை வைத்தால் தோல் வெந்துபோகும் 70 டிகிரி சூட்டில்தான் அது செழித்து வளர்கிறது. ‘தெர்மஸ் அக்வாட்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. இயற்கையில் நுண்ணுயிர்கள் எப்படி வாழ்கின்றன என்று அறியும் ஆவல் மட்டுமே இருந்தது.

முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல, சாதாரண நொதிகளும் கொதிநீரில் உருக்குலைந்துவிடும். தெர்மஸின் நொதிகள் அசைந்து கொடுப்பதில்லை. அவற்றில் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் ‘டாக்’ நொதியை 1976-ல் ஆலிஸ் சியென் குழுவினர் பிரித்தெடுத்தார்கள்.

1983-ல் கேரி முல்லிஸ் பிசிஆர் முறையை வகுத்தார். டி.என்.ஏ.வை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். சூட்டைக் குறைத்தால் ஒவ்வோர் இழைக்கும் நொதி புதுத் துணை இழை கட்டும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்றில் ஒரே ஒரு துண்டு 107 கோடியைத் தாண்டிவிடும்! ஆனால் முதலில் பயன்படுத்திய நொதி ஒவ்வொரு சூட்டிலும் செத்தது. சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. டாக் வந்ததும் அந்தப் பாடு ஒழிந்தது. 95 டிகிரியில் 40 நிமிடம் கிடந்தாலும் அதன் திறனில் ஏறக்குறையப் பாதி மிஞ்சும்.

கொரோனா சோதனையில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வைரஸின் ஆர்.என்.ஏ.வை முதலில் வேறொரு நொதி டி.என்.ஏ.வாக மாற்றிக் கொடுக்கும். அதைப் பிரதியெடுத்துக்கொண்டே போகும் டாக், வழியில் ஒட்டியிருக்கும் சாயத் துணுக்கை வெட்டிவிடும். விடுபட்ட சாயம் ஒளிரும். எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி போதிய அளவை எட்டுகிறது என்பதுதான் அன்று எல்லார் வாயிலும் அடிபட்ட ‘சிடி வேல்யூ’.

வெப்பம் தாங்கும் நொதிகள் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. நெசவுக்காகப் பாவு நூலில் ஏற்றிய கஞ்சியைத் துணியிலிருந்து நீக்க, சூடு தாங்கும் அமைலேஸ் பயன்படுகிறது.

பிசிஆர் உரிமையை 1991-ல் ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பாக்டீரியாவைத் தந்த யெல்லோஸ்டோனுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. இது நியாயமே இல்லை. இமாச்சலத்தின் மணிகரண், லடாக்கின் புகா, வங்கத்தின் பக்ரேஷ்வர் என நம் நாட்டிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றின் நுண்ணுயிர்களை வெளிநாட்டு நிறுவனம் எதுவும் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ எடுத்துப்போக வேண்டுமானால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி பெற்றாக வேண்டும்.