பல்லுக்கு வெனியர் போடப் போறீங்களா? எனாமல் போனா திரும்ப வராது... முதல்ல இதைத் தெரிஞ்சுக்கங்க!

கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், மேக்கப், போட்டோகிராபர் வரிசையில் இப்போது பல் கிளினிக்கும் சேர்ந்துவிட்டது. ரெண்டே சிட்டிங்கில் சினிமா ஸ்டார் சிரிப்பு என்று வரும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு வெனியர் பற்றி விசாரிப்பவர்கள் ஏராளம். அட்வான்ஸ் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

வெனியர் என்றால் என்ன?

பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடுதான் வெனியர். பீங்கான் வெனியரின் தடிமன் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மி.மீ. வரைதான் இருக்கும். 1928-ல் கலிபோர்னியா பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ், ஹாலிவுட் நடிகர்களுக்காக இதை உருவாக்கினார். அப்போது ஷூட்டிங் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். 1980-களில்தான் பல்லோடு உறுதியாக ஒட்டும் முறை வந்தது.

என்ன சிக்கல்?

வெனியர் உட்கார, பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கொஞ்சம் தேய்த்து எடுக்க வேண்டும். எனாமல் மறுபடி வளராது. அதனால் 'பிடிக்கலைன்னா எடுத்துடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பீங்கான் வெனியர் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் தாங்கும். அப்படியென்றால், 25 வயதில் போடுபவர் வாழ்நாளில் சில முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். செலவையும் அப்படித்தான் கணக்குப் போடணும்.

யாருக்குத் தேவை?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஆழமான இந்தக் கறை, நுனி உடைந்த பல், சின்ன இடைவெளி ஆகியவற்றுக்கு வெனியர் கைகொடுக்கும். வெறும் டீ, காபி கறைக்கு க்ளீனிங், ப்ளீச்சிங்கே போதுமானதாக இருக்கலாம். சொத்தை, ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீங்க.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

* எவ்வளவு எனாமல் எடுப்பீங்க?
* இது வெனியரா, கிரவுனா? கிரவுனுக்குப் பல்லைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும்.
* காம்போசிட் போதுமா? இதில் செலவும் குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் ஆயுளும் குறைவு, கறையும் பிடிக்கும்.
* ஒட்டும் முன் மாதிரி வைத்துக் காட்டுவீங்களா? நிறத்தை அப்போதே முடிவு செய்யுங்க. பிறகு ப்ளீச் செய்தாலும் பீங்கான் நிறம் மாறாது.

அழகு நிலையத்தில் போடவே கூடாது. பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று பாருங்க.

பராமரிப்பு எப்படி?

தினமும் இரண்டு முறை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கணும். கரித்தூள், உப்பு போட்டுத் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். கரும்பு, முறுக்கு, சீடையை முன்பல்லால் கடிக்காதீங்க. நகம் கடிப்பது, பல்லால் பாட்டில் திறப்பது ரெண்டும் வேண்டாம். பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் நைட் கார்டு அவசியம். பீங்கானில் சொத்தை வராது. ஆனால் அதன் ஓரத்தில், அடியில் உள்ள பல்லில் வரும். அதனால் 6 மாதத்துக்கு ஒரு செக்கப் போயிடுங்க.

கல்யாண தேதி நெருங்குதேன்னு அவசரப்படாதீங்க. ஆல்பத்தில் ஒரு நாள் சிரிப்பு. பல்லு ஆயுசுக்கும் வேணும்.