தேங்காய்த்திட்டில் அள்ளாத மணல், கோட்டக்குப்பத்தில் இடியும் வீடு

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் விசைப்படகு, முகத்துவாரத்தில் நேராக நுழைந்துவிடாது. இரண்டு கல் சுவர்களுக்கும் வெளியே வேகத்தைக் குறைத்து, அலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாலைந்து பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். பிறகு கடல் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில் டிரைவர் என்ஜினை முழுவேகத்தில் விட்டு உள்ளே வந்துவிட வேண்டும். மீனும் மிச்சமுள்ள ஐஸும் ஏற்றிய படகின் அடிப்பாகம் நன்றாக அமிழ்ந்திருக்கும். வாய்க்காலில் மணல் மேடிட்டிருந்தால் முதலில் பின்பக்கம் தட்டும். விசிறி மணலில் சிக்கும். அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கல் சுவரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

புதுச்சேரி மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டுப் போராடுவது பழகிப்போன செய்தி. வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் கடலரிப்பில் வீடு இடிந்தது என்பதும் பழகிப்போன செய்திதான். பெரும்பாலும் இரண்டும் தனித்தனிச் செய்திகளாகவே வரும். ஆனால் இரண்டும் ஒரே மணலைப் பற்றியவை. ஓரிடத்தில் அள்ளாமல் விட்ட மணல்தான் மற்ற இடத்தில் இல்லாமல் போன மணல்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடிக்கின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகி, மணல் தெற்கே நகரும். ஆனால் அது சில மாதக் கதைதான். ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம், அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். இதில் புதுமை எதுவும் இல்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும் நூறாண்டுக்கு மேலாகக் கண்முன் இருக்கும் பாடம்.

அந்தப் பாடம் தெரிந்த நிலையில்தான் 1980-களின் பிற்பகுதியில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு வழியான அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1989-இல் வேலை முடிந்தது. அதுவரை புதுச்சேரிக்குச் சுவர் வைத்த துறைமுகம் கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கும் ஆட்களும் சலங்கு என்ற படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வருவார்கள். பிறகு 1866-இல் பிரெஞ்சுக்காரர்கள் இரும்புப் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1952 புயல் அதைக் கொண்டுபோனது. அதன்பின் கட்டிய கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இந்தப் பாலங்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தூண்களின் மேல் நின்றதால் மணல் அவற்றின் கீழே தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. கல் சுவர் அப்படி விடாது.

தெற்கே வீராம்பட்டினம் பக்கமிருந்து வரும் மணல் தெற்குச் சுவரில் முட்டி நிற்கிறது. அங்கே கரை அகலமாகிறது. சுவரின் மூலை நிரம்பியதும் மணல் அதன் முனையைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்குகிறது. வழக்கமாக ஒரு முகத்துவாரத்தைத் திறந்து வைப்பவை இரண்டு: ஆற்று வெள்ளமும், ஏற்றவற்றமும். இங்கே இரண்டுமே பலவீனம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் மாறும். சங்கராபரணியிலிருந்து பிரியும் அரியாங்குப்பம் ஆறோ, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால்தான் பெருகி ஓடும். இதே ஆற்றின் கரையில்தான் ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேடு இருக்கிறது. அன்றைக்கு ஆறு எப்படி ஓடியதோ, இன்றைக்கு அதை நம்பிப் பெரிய படகை உள்ளே விட முடியாது.

அதனால்தான் திட்டத்தோடு கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. தெற்குச் சுவரருகே சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, குழாய் வழியே முகத்துவாரத்தைத் தாண்டி வடக்குக் கரையில் விட வேண்டும். சுவர் இல்லாவிட்டால் அலை செய்திருக்கும் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சுவர்கள் வந்தன. மணலை மறுகரைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அரைகுறையாக நடந்து, பிறகு நின்றுபோனது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. சுவர் கட்டுவது ஒருமுறைச் செலவு. அடிக்கல் நாட்டலாம், திறப்புவிழா நடத்தலாம். பம்பு ஓட்டுவது ஆண்டுதோறும் டீசலும் மின்சாரமும் ஆள்கூலியும் கேட்கும் செலவு. அதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. புதுச்சேரி நகரின் கரையில் காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணற்பரப்பு மறைந்தது. நடைபாதையைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே தொடங்கியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாகக் கரையை இழந்தன. பிறகு மாநில எல்லையும் தாண்டி விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி. அங்கே தமிழ்நாடு அரசு தூண்டில் வளைவு போட்டது. தூண்டில் வளைவும் ஒரு சிறிய அலைதடுப்புச் சுவர்தான். தன் தெற்கே மணலைப் பிடித்துக்கொண்டு, வடக்கே இருப்பவருக்கு இல்லை என்று சொல்லும். ஒரு ஊருக்குப் போட்டால் அடுத்த ஊர்க்காரர் தனக்கும் கேட்பதில் தவறு என்ன இருக்கிறது?

கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் மணலில் இழுத்துப் போட்டு வைக்கும் ஊருக்குக் கடற்கரை என்பது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் கருவாடு பரப்பவும் அதுதான் இடம். கரை போனால் அந்தப் படகுகளும் துறைமுகத்துக்குள் இடம் தேடி வர வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒன்றையொன்று உரசி நிற்கும் கூட்டத்தில் இன்னும் நெரிசல். உரசலில் ஃபைபர் விரிசல் விடும். படகுத்துறையின் பராமரிப்பும் கடற்கரையின் பராமரிப்பும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புதுச்சேரியில் சுவர் கட்டிய ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரமும் தன் முகத்துவாரத்துக்குச் சுவர் வைத்தது. அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். 1986-இல் அவர்கள் தெற்குப் பக்கம் தூண்களின் மேல் ஒரு பாலத்தைக் கடலுக்குள் நீட்டி, அதில் பத்து பம்புகளைத் தொங்கவிட்டார்கள். மணலும் நீரும் கலந்த குழம்பு, வாய்க்காலின் அடியில் பதித்த குழாய் வழியாக மறுகரைக்குப் போகிறது. பக்கத்திலுள்ள ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001-இல் இன்னொன்று வைத்தார்கள். அங்கே நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்கள் சேர்ந்து நடத்துகின்றன. எல்லைக்கு இருபுறமும் ஒரே மணல் என்பதை ஒப்புக்கொண்டு கணக்கைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அப்படி ஓர் ஏற்பாடு ஏன் முடியாது என்பது இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

புதுச்சேரியிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றை இறக்கியது. அலையின் வேகத்தை அது முன்கூட்டியே உடைக்கும். முகத்துவாரத்தில் அள்ளிய மணலை நகரின் கரையில் சேர்க்கும் வேலையும் அதையொட்டி நடந்தது. சில மாதங்களில் மணற்பரப்பு திரும்பி வந்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு மக்கள் அங்கே காலில் மணல் ஒட்ட நடந்தார்கள். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரும்புத் திட்டு மணலைப் பிடித்து வைக்குமே தவிர, உண்டாக்காது. தெற்கிலிருந்து வரத்து இருந்தால்தான் அதற்கு வேலை. அதோடு, நகரம் பிடித்து வைத்துக்கொள்ளும் மணல் சோலை நகருக்கும் அதற்கு அப்பாலும் போய்ச் சேராத மணல்.

துறைமுகத்துக்குள்ளும் மராமத்துக்கு ஒரு காலம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றுக்கும் இது பொருந்தும். மேற்குக் கரையிலுள்ள மாஹேவுக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே அரசு, இரண்டு நாட்காட்டி. அந்த இரண்டு மாதத்தில் விசைப்படகுகள் கரையேறும். அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுவார்கள். மரப்படகுக்குப் பலகை மாற்றி, இடுக்கில் கலப்பத்து அடித்துப் பெயின்ட் பூசுவார்கள். என்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். இவ்வளவு செலவழித்து இறக்கிய படகு ஜூன் 15 அதிகாலையில் முதல் பயணம் கிளம்பும்போது வாய்க்காலில் தட்டினால் உரிமையாளருக்கு எப்படி இருக்கும்? விசைப்படகுப் போக்குவரத்தே இல்லாத அந்த 61 நாளைவிடத் தூர்வார வசதியான நேரம் எது? ஆனால் வாய்க்கால் துறைமுகத் துறையிடம், படகுகள் மீன்வளத் துறையிடம், கரையில் கல் கொட்டுவது பொதுப்பணித் துறை, மணலில் நடக்க வருபவர்கள் சுற்றுலாத் துறையின் விருந்தாளிகள். நாலு கோப்புகளும் ஒரே மாதத்தில் ஒரே மேசைக்கு வருவது அபூர்வம்.

தூர்வாரும் ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் கேட்பது எத்தனை கோடி, எத்தனை மீட்டர் ஆழம் என்றுதான். அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு: அள்ளும் மணலை எங்கே விடுவது? தெற்குக் கரையில் குவித்தால் அடுத்த தென்மேற்குப் பருவம் அதைத் திரும்ப வாய்க்காலுக்கே கொண்டுவந்துவிடும். ஒரே மணலுக்கு இரண்டுமுறை பணம் கொடுத்த கதை. ஆழ்கடலில் கொட்டினால் கரைக்கு அது நிரந்தர இழப்பு. கட்டுமானத்துக்கு விற்றாலும் அப்படியே. வடக்குச் சுவருக்கு அப்பால், அலை எடுத்துச் செல்லும் இடத்தில் விட்டால் மட்டும்தான் படகுக்கு வழியும் கிடைக்கும், குருசுக்குப்பத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் மணலும் போகும். குழாய் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும், பம்பு இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். செலவு கூடும்தான். அந்தக் கூடுதலை, கரையில் ஆண்டுதோறும் கொட்டும் கருங்கல்லின் விலையோடு வைத்துப் பார்க்கும் கணக்கைச் சட்டப்பேரவையில் யாராவது கேட்டு வாங்கினால் நல்லது.