தசை தளர்வாக இருந்தால் பயிற்சி ஏன் தேவை?

வளர்ந்த பிள்ளை மேசைமேல் சாய்ந்தே எழுதினால் ‘சோம்பேறி’ என்று திட்டிவிடுகிறோம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையிடம் அது சோம்பல் அல்ல. பொதுவாக எல்லோருக்கும் ஓய்விலும் தசைகளில் லேசான இறுக்கம் இருக்கும். மூளையும் தண்டுவடமும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் குறைவு, மூட்டுகளைக் கட்டும் நார்களும் தளர்வு. நிமிர்ந்து உட்காரவே கூடுதல் உழைப்பு தேவை.

பயிற்சி இந்த இறுக்கத்தைப் பெரிதாக மாற்றாது. ஆனால் வலு வேறு. அது பயிற்சியால் கூடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். தொடையும் இடுப்பும் உரமேறும். எழும்போது முழங்கால் பின்னோக்கி வளையாமல் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார். நீச்சலும் நல்லது.

இவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் நிலையாக இருப்பதில்லை. அதனால் குட்டிக்கரணம் போடும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.