கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று, திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, அதற்கு மேல் எதுவும் நிகழாமல் உறைந்துவிடும் கோளாறுக்குக் காரணங்கள் பல இருந்தாலும், பழுதுபார்ப்புக் கடைகளில் பெரும்பாலும் கேட்கக்கூடிய தீர்ப்புகள் இரண்டுதான்: 'மதர்போர்டு போய்விட்டது', 'ஃபார்மட் செய்ய வேண்டும்'. முன்னது பணத்தைக் கொண்டுபோகும். பின்னது பல ஆண்டுக் கோப்புகளைக் கொண்டுபோகும். இரண்டும் சில வேளைகளில் உண்மையாகவே தேவைப்படலாம் என்றாலும், கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லத் தெரிந்த உரிமையாளரிடம் காரணம் காட்டாமல் அவற்றைச் சொல்வது எளிதன்று.

மின்சாரம் கிடைத்தவுடன் மதர்போர்டில் பதிந்துள்ள பயாஸ், அல்லது அதன் இக்கால வடிவமான யூ.இ.எஃப்.ஐ., என்னும் அடிப்படை மென்பொருள், செயலி, ரேம், கிராபிக்ஸ் கார்டு முதலியவற்றைச் சோதிக்கிறது. 'போஸ்ட்' எனப்படும் இச்சோதனை முடிந்த பின்னரே ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ உள்ள விண்டோஸ் போன்ற இயங்குதளம் பொறுப்பேற்கிறது. விண்டோஸ் தொடங்கிவிட்டதற்கு அடையாளம், வட்டமாகச் சுழலும் சிறு புள்ளிகள். இக்காலக் கணினிகள் பலவற்றில் அப்புள்ளிகள் தயாரிப்பாளரின் சின்னத்துக்குக் கீழேயே தோன்றுவதால், சின்னத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், புள்ளிகள் உள்ளனவா என்பதையே கவனிக்க வேண்டும். உறைந்த திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பின்னர் சான்றாகவும் பயன்படும்.

புள்ளிகள் தோன்றுமுன் நின்றால் ஐயம் வன்பொருளின் மீது விழுகிறது. விசைப்பலகை, மவுஸ் தவிரப் பென் டிரைவ், பிரிண்டர் என யூ.எஸ்.பி. வழியே இணைந்த அனைத்தையும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குவது முதல் சோதனை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரேம் அட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்பை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது அடுத்தது. ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிய நிலையில் உறைவு நீங்கி, பூட் செய்வதற்குரிய சாதனம் இல்லை என்ற செய்தி வருமானால், குறை பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலோ கேபிளிலோ இருக்கிறதே ஒழிய மதர்போர்டில் அன்று. ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போனால், சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் வீட்டில் திறக்கக்கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னேற்றம் எஞ்சியிருக்கும்.

புள்ளிகள் சுழலத் தொடங்கிய பின் நிற்குமானால், சிதைந்த அப்டேட், பொருந்தாத டிரைவர், தளர்ந்துவரும் டிஸ்க் ஆகியவற்றுள் ஒன்றை எதிர்பார்க்கலாம். தொடக்கம் அடுத்தடுத்துத் தோல்வியுற்றால் விண்டோஸ் தானாகவே தன் மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கிருந்து, இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடுக்குச் செல்லவும், அண்மைய அப்டேட்டை நீக்கவும் இயலும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான பிழையான அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, அவற்றுள் மிகப் பலவற்றுக்குத் தேவைப்பட்டது புதிய மதர்போர்டும் அன்று, ஃபார்மட்டும் அன்று. சேஃப் மோடில் ஒரு கோப்பை நீக்குவதே போதுமானதாயிருந்தது. பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் செயற்பட்ட கணினிகளில் அதற்கும் 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. மதர்போர்டை மாற்றினாலும் அந்த எண் கேட்கப்படும் என்பதால், கணினி நலமாயிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அதை எடுத்து எழுதி வைப்பது நல்லது.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுமாயின் நிலைமை வேறு. இயந்திரத்தை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதே அங்கு பெருங்கேடு. உடனே நிறுத்தி, கோப்புகளை மீட்டெடுக்கும் பணியை முதலில் செய்விக்க வேண்டும்.

கடையில் ஒப்படைக்கும்போது, கோளாறின் விவரம், கணினியின் வரிசை எண், மதிப்பீட்டுத் தொகை, அனுமதியின்றி ஃபார்மட் செய்யக்கூடாது என்ற நிபந்தனை ஆகியவை எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது, மாற்றாத பாகத்துக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கும். தனியுரிமைக் கேடும் கற்பனையன்று: 2008-இல் ஹாங்காங்கில் திரைநடிகர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் நகலெடுக்கப்பட்டுப் பரவிய வழக்கில், தொழில்நுட்பப் பணியாளர் சிறைத்தண்டனை பெற்றார்.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளையும் குறைபாடுள்ள சேவையையும் ஒருங்கே உள்ளடக்குகிறது. ரசீது தர மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். எனினும் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே கணினி வாங்கிய டி.டி.பி. மையக்காரர் போன்றோருக்கு இவ்விலக்கு பொருந்தாது என்பது பலரும் கவனிக்கத் தவறும் நுணுக்கம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டும் பயனில்லையெனில், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்கள் தனி ஆபத்து. திரையில் தோன்றும் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச்சொல்லிப் பணம் பறிக்கப்பட்டால், தாமதமின்றி 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். கடையின் மீதான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதற்கான காலவரம்போ, வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ரசீதும் ஒப்புகைச் சீட்டும் குறைந்தது அதுவரையாவது பத்திரமாக இருக்கட்டும்.