ஒரே நாடு, பல பனிகள்

1951 ஜனவரி 20. ஸ்விட்சர்லாந்தின் ஆண்டர்மட் ஊரை ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பனிச்சரிவுகள் தாக்கின. 13 பேர் இறந்தார்கள். பனியை அறியாத ஊர் அல்ல அது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் நிற்கும் காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்று 1397-லேயே சாசனம் எழுதிவைத்தவர்களின் ஊர். ஐந்தரை நூற்றாண்டுப் பட்டறிவு இருந்தும், இன்னும் எவ்வளவு பனி விழும், அது எந்தச் சரிவில் தங்காமல் இறங்கும் என்பதை அவர்களுக்கு நேரத்தோடு சொல்ல வழியில்லாமல் போனது.

ஆய்வு நடக்காமல் இல்லை. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1936-லேயே பனியை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். 1945 முதல் பனிச்சரிவு அறிக்கையும் வந்துகொண்டிருந்தது. ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்க பார்வையாளர்கள் அளந்து சொல்வதை வைத்து வாரம் ஒருமுறை எழுதப்பட்ட அறிக்கை அது. மலையில் ஒரே இரவில் ஒரு மீட்டர் பனி விழுந்துவிடும். வார அறிக்கை அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்? அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவுக்குப் பலியானார்கள்.

அதே குளிர்காலம் இன்னொன்றையும் காட்டியது. ஜனவரியில் வடமேற்குக் காற்று கொண்டுவந்த ஈரம் ஆல்ப்ஸின் வடபுறத்தில் கொட்டியது. பிப்ரவரியில் காற்று திரும்பியது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த ஈரம் தென்புறத்தில் மோதி, டிச்சினோ மாநிலத்தின் ஐரோலோவில் பத்துப் பேரைப் பலிகொண்டது. நாட்டின் மொத்தப் பரப்பே 41,285 சதுர கிலோமீட்டர்தான். இருந்தாலும் மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பனி குவியும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ‘நாடு முழுவதும் கனத்த பனிப்பொழிவு’ என்று ஒரே வரியில் சொன்னால் அங்கே யாருக்கும் பயன்படாது. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகச் சொல்ல வேண்டும்.

இன்று அப்படித்தான் சொல்கிறார்கள். உயர்மலைகளில் 180-க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன. முகட்டில் இருப்பது காற்றை அளக்கும். அருகிலேயே காற்று மறைவான இடத்தில் இருப்பது பனியின் உயரத்தை அளக்கும். விழுந்த பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கச் சரிவில் குவிப்பது காற்றுதான் என்பதால் இரண்டும் தேவை. வானிலைத் துறை முன்கணிப்புக்குப் பயன்படுத்திய பழைய கணினி மாதிரிகள் நிலப்பரப்பைப் பிரித்த கட்டங்கள் மிகப் பெரியவை. ஆல்ப்ஸ் அவற்றுக்கு மழுங்கிய ஒரே மேடாகத்தான் தெரிந்தது. இப்போது ஒரு கிலோமீட்டர் கட்டம். அதையும் தொடக்க நிலையைச் சிறிது மாற்றி மாற்றி 11 முறை கணக்கிடுகிறார்கள். பதினொன்றும் ஒத்துப்போனால் துணிந்து சொல்லலாம்; சிதறினால் அந்த ஐயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு அறிக்கை தினமும் மாலை ஐந்து மணிக்கு வருகிறது. காலை எட்டு மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் பார்வையாளர்களை நிறுத்திவிடவில்லை. காலையில் பலகைமேல் விழுந்த புதுப்பனியை அளவுகோல் வைத்து அளப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பனிக்குழி வெட்டி, எந்த அடுக்கு வலுவிழந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கும் வேலையை எந்தக் கருவியும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1999 பிப்ரவரியில் பெரிய சோதனை வந்தது. அடுத்தடுத்து மூன்று பனிப்புயல்கள். சில இடங்களில் மொத்தம் ஐந்து மீட்டருக்கும் மேல் புதுப்பனி. சேதம் விளைவித்த பனிச்சரிவுகள் சுமார் 1,200. இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் 12 பேர் எவோலேன் என்ற ஒரே ஊரில். அந்த ஊரின் தலைவரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். 98-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசத்தை முன்னறிவிப்பின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. சரிவுகளில் நட்ட எஃகுத் தடுப்புகள், எங்கே வீடு கட்டக் கூடாது என்று சிவப்பால் குறித்த வரைபடங்கள், நேரத்தில் சாலையை மூடும் ஊர்க்குழுக்கள் எல்லாம் சேர்ந்து காத்தவை அந்த உயிர்கள். அறிக்கையைப் படித்துவிட்டுச் சாலையை மூடத் துணிபவர் இல்லாத இடத்தில் அறிக்கை வெறும் காகிதம்தான்.

2018 ஜனவரியில் ஐந்தாம் நிலை எச்சரிக்கை, அதாவது ஆக உச்ச நிலை, 1999-க்குப் பிறகு முதல்முறையாகப் பரந்த பகுதிகளுக்கு விடுக்கப்பட்டது. அந்த மாதம் செர்மாட் என்ற மலை ஊருக்குப் போகும் சாலையையும் ரயிலையும் நிறுத்தியதில் சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் அங்கேயே தங்க நேர்ந்தது. சலிப்போடு காத்திருந்தார்கள், உயிரோடு வீடு திரும்பினார்கள்.

ஊர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. இன்று பனிச்சரிவில் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர், பாதுகாக்கப்பட்ட தடத்தை விட்டு விலகிப் பனிச்சறுக்குக்கோ மலையேற்றத்துக்கோ போனவர்கள். பலரும் தாங்களோ உடன் வந்தவர்களோ கால்வைத்துக் கிளப்பிய சரிவிலேயே புதைகிறார்கள். இந்த மரணங்களில் ஏறக்குறைய பாதி மூன்றாம் நிலை எச்சரிக்கை உள்ள நாட்களில் நிகழ்கின்றன. ஐந்தாம் நிலையில் மலையே மூடிக் கிடப்பதால் அநேகமாக யாரும் போவதில்லை. மூன்றாம் நிலையில் வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி அழைக்கும், ஐந்தில் மூன்றுதானே என்று தோன்றும். அறிக்கையை எழுதும் டாவோஸ் நிபுணர்களுக்கு இன்றைக்குக் கடினமான வேலை அந்த மூன்றாம் எண்ணைக் கணிப்பது அல்ல. சறுக்குப் பலகையோடு கிளம்பி நிற்பவருக்கு அதன் பொருளைப் புரியவைப்பது.