அலுவலக மராமத்தும் தற்காலிகச் சமையலறையும்



உப்பளத்திலுள்ள நம் அறக்கட்டளை அலுவலகத்தில் மராமத்து நடந்து வருவதை அறிவீர்கள். பக்கத்து வீட்டு ஷெட்டில் அடுப்பும் மேசையும் போட்டிருப்பதைப் பார்த்த சிலர், "ஏழு பேர் சாப்பிட இவ்வளவு ஏற்பாடா? கடையில் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், பொதுப்பணம் அல்லவா. ஆகவே விளக்கமாக எழுதுகிறோம்.

நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். சமையலறையை இடித்த அன்று, "வேலை முடியும்வரை வெளியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டோம். பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தையல் வகுப்பு நடத்தும் சகோதரி டீயும் பன்னுமாக மதியத்தை ஓட்டியிருக்கிறார். தினமும் கடைச் சோறு வாங்கினால் சம்பளத்தில் வீட்டுக்கு மிஞ்சாது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பணியாளர் ஒருவர், கடையில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஏழைகளுக்கு அரிசிப் பை கட்டும் அலுவலகத்தில், கட்டுகிறவர் பசியோடு இருந்திருக்கிறார். இது எங்கள் கவனக்குறைவு, வேறு யாருடையதும் அல்ல.

இத்தனை சிறிய அலுவலகத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கேன்டீன் பற்றிப் பேசியது. ஆனால் 1996 ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்குப் போடும் தற்காலிகக் குடியிருப்பில்கூடச் சமையலுக்குத் தனி இடம் வேண்டும் என்றது. தற்காலிகம் என்பதற்காக வயிறு காத்திருக்காது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அவசரத்தில் இன்னொரு தவறு செய்தோம். மாடிப்படிக்குக் கீழே கேஸ் அடுப்பை வைத்தோம். அங்கேதான் பெயிண்டர் தின்னர் டின்களை அடுக்கியிருந்தார். தின்னரின் ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை. மேலே போகாமல் தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். ஒரு பொறி போதும். கொத்தனார் ஒருவர்தான் பார்த்துச் சொன்னார். அன்றே அடுப்பை எடுத்துவிட்டோம்.

கொல்லையில் கீற்றுக் கொட்டகை போடலாம் என்றும் யோசனை வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த தீ, பள்ளியின் சமையல் கூடத்துக் கீற்றில்தான் தொடங்கியது. அதை நினைவூட்டியதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போதுள்ள ஷெட் தகரக் கூரை. இரண்டு பக்கமும் திறப்பு. பக்கத்து வீட்டார் வாடகை வாங்காமல் தந்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. தம் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தர ஒரு சகோதரர் முன்வந்தார். வீட்டு இணைப்புச் சிலிண்டரை அலுவலகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதால் நன்றி சொல்லி மறுத்து, இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். இதிலும் கவனம் தேவை. 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் ஒயர் சூடேறி உருகும். எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி லைன் இழுத்திருக்கிறோம். வீட்டில் மராமத்து செய்பவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சுவரைச் சுரண்டும்போது வரும் தூசியும் லேசானதல்ல. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு ஈயம் மிகவும் கெடுதல். அதனால் சுரண்டல் வேலை நடக்கும் நாளில் பாத்திரங்களை மூடியே வைக்கிறோம். தையல் வகுப்புக்கு வரும் தாய்மார்கள் அன்று பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

செலவில் ஒரு பைசாவும் ஜகாத் நிதியிலிருந்து எடுக்கவில்லை. ஜகாத் யாருக்கு உரியது என்று குர்ஆன் எட்டு வகையினரை வரையறுத்திருக்கிறது. அலுவலக அடுப்பு அதில் சேராது. பராமரிப்புக்கென்று வந்த நன்கொடையில்தான் எல்லாம் வாங்கினோம். கணக்குத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

கொத்தனார்களும் சித்தாள்களும் தங்கள் சோற்றை அங்கேயே சுடவைத்துக்கொள்கிறார்கள். லுஹர் தொழுகை முடிந்ததும் இடம் போதவில்லை. இரண்டு பந்தியாக உட்காருகிறோம். எலித் தொல்லை இருக்கிறது. கதவுள்ள மர அலமாரி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம்.